இடது கை மருதாணி

எங்கள் அலுவலகத்தின் மரப்படியில் ஏறி வருபவர் யார் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். சின்ன முதலாளி இரண்டிரண்டு படியாகத் தாவுவார். லாரி ஓட்டும் மணியம் அண்ணன் பாதிப் படியிலேயே நின்று குரல் கொடுப்பார். அன்று மதியம் கேட்டது இரண்டும் இல்லை. ஒவ்வொரு படியிலும் முழு எடையையும் வைத்து, கூடவே ஒரு கைத்தடியும் ஏறி வரும் சத்தம்.

நான் என் இடது கையைப் பார்த்தேன். உள்ளங்கை நடுவே வட்டமாக மருதாணி. ஐந்து விரல் நுனிகளிலும் தொப்பி வைத்ததுபோல் பச்சை விழுது. இன்னும் ஈரம் காயவில்லை. அடுத்து என் வலது கையைப் பிடிக்க வந்த சரோஜா அக்கா, அப்படியே நின்றுவிட்டார்.

"பெரியவரு," என்றார், உதடு மட்டும் அசைய.

பினாங்கில் இருக்கும் பெரிய முதலாளி, சின்ன முதலாளியின் அண்ணன். தீபாவளி முடிந்து அடுத்த வாரம்தான் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் வருவது பலகாரம் சாப்பிட அல்ல. நான் மேல்மாடியில் இருப்பதா, மறுபடியும் கீழே போவதா என்று முடிவு செய்வதற்காக.

அவர் படி ஏறி முடிப்பதற்குள், நான் மேல்மாடிக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பருப்பு மேசையிலிருந்து

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய பொட்டலம் கட்டும் மேசை உங்களுக்கு நினைவிருக்கலாம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் மளிகைச் சாமான்களை மொத்தமாக விற்கும் கடை அது. கீழ்த்தளத்தில் மூட்டைகளைப் பிரித்து, பருப்பையும் கடுகையும் நிறுத்துப் பொட்டலம் போடுவது என் முதல் வேலை. மாலையில் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் தும்முவார். என் சட்டை முழுக்க மிளகாய்த்தூள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். அண்ணன்கள் இருவரும் படிக்கிற வயதில் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் தேர்வு எழுதித் தேறி, தட்டச்சும் பழகியிருந்தேன். அந்தத் தட்டச்சுதான் ஒருநாள் என்னை மேலே கொண்டுபோனது. தட்டச்சு செய்பவர் பிரசவத்துக்குப் போக, சின்ன முதலாளி கீழே எட்டிப் பார்த்து, இங்கிலீஷ் டைப் பண்ணத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். கடுகுக் கையைத் துடைத்துக்கொண்டு நான் எழுந்தேன்.

மேலே மின்விசிறி உண்டு, சன்னல் உண்டு. சன்னலில் எட்டிப் பார்த்தால் பூக்கடைகளும், மாலை கட்டுபவர்களின் தலையும் தெரியும். எனக்கென்று ஒரு நாற்காலியும் இருந்தது. அந்த நாற்காலியைப் பற்றி வீட்டில் பல நாள் பேசினோம். சுழலும் என்று சொன்னதை அப்பா நம்பவில்லை.

"சி போட்டாச்சா?"

அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. காலையில் கடைக்காரர்கள் தொலைபேசியில் சொல்லும் ஆர்டர்களைச் சரோஜா அக்கா எழுதி வாங்கி வாசிப்பார். நான் தட்டுவேன். எந்தச் சாமான் எந்த லாரியில் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று அது பிரித்து அச்சடித்துத் தரும். அந்தத் தாள் கையில் வந்தால்தான் லாரி கிளம்பும்.

கடைகளின் விவரம் எல்லாம் ஒரே டிஸ்கில் அடங்கவில்லை. நகரத்துக்கு ஒன்று, கேலாங் பக்கத்துக்கு ஒன்று, குவீன்ஸ்டவுன் பக்கத்துக்கு ஒன்று, கிராஞ்சி பக்கத்துக்கு ஒன்று. ஒரு வட்டாரம் முடிந்ததும் அந்த டிஸ்கை உருவிவிட்டு அடுத்ததைச் செருக வேண்டும்.

அங்கேதான் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் குணம் வெளிப்படும். டிஸ்கை மாற்றியது அதற்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். கண்ட்ரோல் என்ற பொத்தானை இடது சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டே, அதே கையின் நடுவிரலால் சி என்ற எழுத்தைத் தட்ட வேண்டும். தட்டினால், சரி, ஆள் மாறியாச்சு என்று புரிந்துகொள்ளும். மறந்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புது டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுத மறுத்துவிடும்.

அதனால் எங்கள் மாடியில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. டிஸ்கின் சிறு கதவு 'டக்' என்று மூடும் சத்தம் கேட்டதும், யார் எங்கே இருந்தாலும், "சி போட்டாச்சா?" என்று கேட்பார்கள். சரோஜா அக்கா தொலைபேசியில் பேசிக்கொண்டே கேட்பார். சின்ன முதலாளி கழிவறைக்குள்ளிருந்து கேட்பார். மணியம் அண்ணனுக்குக் கம்ப்யூட்டரின் தலை எது, கால் எது என்று தெரியாது. அவரும் படியில் நின்றபடி கேட்பார். நானும் "போட்டாச்சு" என்று ராகம் போட்டுப் பதில் சொல்வேன்.

இப்படியே இரண்டு தீபாவளி, இரண்டு கிறிஸ்துமஸ் போயின.

வந்தது டாஸ்

பிறகு ஒருநாள் பெரிய அட்டைப் பெட்டிகளில் புதிய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கூடவே பயிற்சி கொடுக்க மிஸ்டர் சுவா என்ற இளைஞர் வந்தார். எந்திரம் மட்டும் மாறவில்லை, அதை உள்ளிருந்து நடத்தும் முறையே மாறிவிட்டது, இதன் பெயர் டாஸ் என்றார். எனக்கு ஒரே உற்சாகம். புத்தகப் பையை முதன்முதலாகத் தோளில் மாட்டிய நாள்போல் இருந்தது.

டாஸ் எங்களைப் படாத பாடு படுத்தியது. ஒரு கோப்பை நகல் எடுக்க, பழையதில் 'எங்கே' என்று முதலில் சொல்லி, 'எங்கிருந்து' என்று பிறகு சொல்ல வேண்டும். இதில் நேர் தலைகீழ். டிஸ்க் சரியாக உட்காராவிட்டால், கைவிடவா, மறுபடி முயலவா, கண்டுகொள்ளாமல் விடவா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். அதைத் தமிழில் சொன்னதும் சரோஜா அக்கா, "எங்க வீட்டுக்காரரப் பத்தி நான் தினமும் யோசிக்கிறது இதத்தான் லா," என்றார். மிஸ்டர் சுவாவுக்கு மொழிபெயர்த்தோம். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. சிரிக்கலாமா என்று யோசித்தார்.

இவையெல்லாம் சில நாளில் பிடிபட்டன. பிடிபடாதது என் இடது கை.

புதிய முறையில் டிஸ்க் மாறியதைச் சொல்லவே வேண்டாம். அதுவே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வட்டாரம் முடிந்ததும், டிஸ்கை மாற்றி ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டுங்கள் என்று திரையில் வரும். எதை வேண்டுமானாலும் தட்டலாம். கண்ட்ரோலையும் சியையும் சேர்த்து மட்டும் தட்டக்கூடாது. டாஸுக்கு அதன் பொருள், போதும், எல்லாவற்றையும் நிறுத்து என்பது. கடைசி வட்டாரம் வரை போய் முடித்தால்தான் அது எதையும் டிஸ்கில் பதித்து அச்சடிக்கும். நடுவில் நிறுத்தினால் அதுவரை தட்டிய ஆர்டர் எல்லாம் காணாமல் போய்விடும்.

உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். டிஸ்கின் கதவு மூடும் அந்த 'டக்' சத்தம் காதில் விழும். நான் யோசிப்பதற்கு முன்பே சுண்டுவிரல் கீழே போகும், நடுவிரல் பின்னாலேயே போகும். திரையில் நான் தட்டிய கடைகள் எல்லாம் போய், 'A' என்ற எழுத்தும் ஓர் அம்புக்குறியும் மட்டும் கண் சிமிட்டும். சில நாள் நகரத்திலேயே கவிழ்ந்தேன். சில நாள் கேலாங் தாண்டி, குவீன்ஸ்டவுன் தாண்டி, கிராஞ்சி டிஸ்கைச் செருகும்போது கவிழ்ந்தேன்.

அந்தப் பொத்தான்கள் வேலை செய்யாதபடி புரோகிராமையே மாற்றிவிடலாம் என்றார் மிஸ்டர் சுவா. ஆனால் அதை எழுதியவர் வெளியூரில் இருந்தார். வருவதற்குக் கிறிஸ்துமஸ் ஆகிவிடுமாம். அதுவரை பழையதில் உண்மையான வேலை, புதியதில் பயிற்சி என்று ஓட்டினோம்.

செய்தி பினாங்குக்குப் போனது. பெரிய முதலாளிக்கு முதலிலிருந்தே இதில் நம்பிக்கை இல்லை. கம்ப்யூட்டர் வேலை எடுத்துச் செய்யும் வெளிக் கம்பெனி ஒன்றிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், அந்தப் பெண் பழையபடி கீழே உதவட்டும் என்று சொல்லியிருந்தார். சின்ன முதலாளி இதை என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தார்.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. சுழலும் நாற்காலியைப் பற்றி அப்பா இப்போது துறைமுகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவைத் தட்டும் அம்மா

கைக்கு என்று தனியாக ஒரு ஞாபகம் உண்டு என்பது எனக்கு அம்மாவால் முன்பே தெரியும்.

குவீன்ஸ்டவுனில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீவக அடுக்குமாடி வீட்டுக்கு வருவதற்கு முன், கேலாங்கில் பல குடும்பங்கள் சேர்ந்திருந்த ஒரு வளவில் வாடகைக்கு இருந்தோம். குளியலறையும் கழிவறையும் எல்லோருக்கும் பொது. எந்தக் கதவானாலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறப்போம். குவீன்ஸ்டவுனுக்கு வந்த முதல் நாள், அம்மா மின்தூக்கியின் முன் போய் நின்றார். பொத்தானை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். பிறகு மின்தூக்கியின் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. உள்ளே ஆள் இருந்தால் என்ன செய்வதாம் என்று கேட்டார். அது நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மா இன்னும் தட்டுகிறார். மேலிருந்து யாராவது இறங்கி வந்தால், கதவு திறந்ததும் திகைத்து நிற்கிறார்கள்.

அம்மாவைக் கேலி செய்த வாயால்தான், என் கைக்கு நான் இப்போது புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

கைத்தடி மேலே வந்துவிட்டது

அந்தத் தீபாவளிக்கு முதல் நாள், காலை ஆர்டர்களைப் பழைய கம்ப்யூட்டரிலேயே முடித்துவிட்டோம். தெருவெங்கும் கூட்டம், மத்தாப்பூப் போல விளக்குகள், நெய் வாசனை. மதியத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான், சரோஜா அக்கா வீட்டில் அரைத்து எடுத்து வந்த மருதாணியை வெளியே எடுத்தார். மார்ஜரின் டப்பாவில் பச்சையாகக் குழைந்திருந்தது. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், எனக்கு எதற்கு என்றேன்.

"மருதாணிக்கு எந்தச் சாமின்னு தெரியுமா? கைய நீட்டு மினா," என்றார். பிலோமினா என்ற என் பெயரை அவர் இப்படிச் சுருக்கித்தான் கூப்பிடுவார். நான் இடது கையை நீட்டினேன். இடது கை முடிந்தபோதுதான் படியில் அந்தச் சத்தம்.

பெரிய முதலாளி வந்தார். பின்னாலேயே சின்ன முதலாளி, துடைத்துவிட்டதுபோல் வெளிறிய முகத்தோடு. கடைசி நேர ஆர்டர்கள் கொஞ்சம் வந்திருக்கின்றன, லாரிகள் கீழே நிற்கின்றன என்றார். நான் பழைய கம்ப்யூட்டரின் பக்கம் நகர்ந்தேன்.

பெரியவர் கைத்தடியால் புதியதைக் காட்டினார்.

"அத மூடும்மா. இதுல போட்டுக் காட்டு."

கையைக் கழுவ வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்தேன். பாவாடையில் படாமல் விரல்களை விரித்துக்கொண்டேன். மேசைக்குக் கீழே இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

சரோஜா அக்கா ஆர்டர்களை வாசித்தார். நான் வலது கையால் மட்டும் தட்டினேன். கோழி கொத்துவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக. வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் தட்டியதே இல்லை. பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். இவ்வளவு நிதானமாகத்தான் செய்ய வேண்டிய வேலை போலிருக்கிறது என்று அவர் நினைத்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

நகரம் முடிந்தது. டிஸ்கை மாற்றச் சொன்னது திரை. வலது கையால் உருவினேன், வலது கையால் செருகினேன், வலது கையால் கதவை மூடினேன். 'டக்'.

இடது கை மடியிலிருந்து எழுந்தது. என்னைக் கேட்காமல் எழுந்தது. மருதாணித் தொப்பி போட்ட சுண்டுவிரல் மேசை விளிம்பு வரை வந்துவிட்டது.

"கை," என்றார் சரோஜா அக்கா, ஆர்டர் வாசிக்கும் அதே குரலில்.

பச்சை விழுது பொத்தானில் அப்பிவிடுமே என்று பயந்துதான் கை நின்றது. டாஸுக்காக நிற்கவில்லை, மருதாணிக்காக நின்றது. வலது கட்டைவிரல் நீளப் பொத்தானைத் தட்டியது. கேலாங் கடைகள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன.

அந்த நேரம் பார்த்துப் படியிலிருந்து மணியம் அண்ணனின் குரல் வந்தது.

"சி போட்டாச்சா?"

சரோஜா அக்கா இருமினார். பெரியவர், அவன் என்ன கேட்கிறான் என்று தம்பியிடம் விசாரித்தார். காப்பி போட்டாச்சா என்கிறான் என்று சொல்லி, சின்ன முதலாளி அவரே காப்பி வாங்கப் போய்விட்டார்.

கேலாங் முடிந்தது. கை எழவில்லை, விரல்கள் மட்டும் துடித்தன. குவீன்ஸ்டவுனும் முடிந்தது. கிராஞ்சி டிஸ்கைச் செருகும்போது என் உள்ளங்கை மருதாணி காய்ந்து, தோலை இழுத்துப் பிடித்திருந்தது. யாரோ கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கதவை மூடினேன். நீளப் பொத்தானைத் தட்டினேன்.

கிராஞ்சி ஆர்டர்களையும் தட்டி முடித்ததும் டிஸ்க் உள்ளே கிறுகிறுத்தது. பிறகு அச்சு எந்திரம் கத்தத் தொடங்கியது. அந்தக் கத்தலை நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. தாள் மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது. நகர லாரி, கேலாங் லாரி, குவீன்ஸ்டவுன் லாரி, கிராஞ்சி லாரி.

பெரியவர் கிராஞ்சித் தாளைக் கிழித்து, கண்ணாடியை உயர்த்திப் படித்தார். அங்குள்ள தோட்டத்துக் கடைக்கு என்ன போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடையை ஆரம்ப நாளில் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

மரியாதைக்காக நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

அவர் என் இடது கையையே பார்த்தார்.

"மருதாணியா?"

"ஆமாங்க முதலாளி."

"ஏன் ஒரு கையில மட்டும்?"

"அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அந்தக் கையிலயும் போட்டுக்க. லாரி போகட்டும்," என்றார். படியில் இறங்கும்போது, காப்பியோடு ஏறி வந்த தம்பியிடம் சொன்னது மேலே எங்களுக்குக் கேட்டது. "வெளியில யார்கிட்டயும் குடுக்க வேணாம். இங்கேயே நடக்கட்டும்."

இனி ஆர்டர் எதுவும் வராதபடி சரோஜா அக்கா தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு என் வலது கையைப் பிடித்து இழுத்தார்.

சிவந்த சுண்டுவிரல்

விடுமுறை முடிந்து மிஸ்டர் சுவா வந்தார். எப்படி என்று கேட்டார். கையைக் காட்டினேன். அவருடைய பயிற்சிப் புத்தகத்தில் இதற்கு இடம் இல்லை என்றார்.

விழுது உதிர்ந்த பிறகும் சிவப்பு இருந்தது. இடது கை பழைய வழியில் போகும்போதெல்லாம் அந்தச் சிவந்த சுண்டுவிரல் கண்ணில் படும், கை நின்றுவிடும். நிறம் மங்கத் தொடங்கினால், சனிக்கிழமை மதியம் சரோஜா அக்கா டப்பாவோடு வந்து, அந்தக் கைக்கு மட்டும் புதுப்பித்துவிடுவார். 'டக்' என்ற சத்தத்துக்கு இப்போது மாடி முழுவதும் "கை" என்றது. மணியம் அண்ணன் படியிலிருந்து முதலில் சொல்வார்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் என் கை பழையதை மறந்துவிட்டது. புரோகிராம் எழுதியவர் ஊர் திரும்பி, அந்தப் பொத்தான்களை மாற்றித் தரவா என்று கேட்டபோது, வேண்டாம் என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அம்மாவின் தோழி ஒருவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். சொல்லாமல் கொள்ளாமல் நிச்சயதார்த்தமா, மாப்பிள்ளை எங்கே வேலை என்று கேட்டார். சுற்றி நின்ற நாலைந்து பேரும் நெருங்கி வந்தார்கள்.

"மாப்பிள்ளை எல்லாம் இல்லக்கா," என்றார் அம்மா. "ஆபீஸ் வேலைக்குப் போட்டிருக்கு."

"ஆபீஸ் வேலைக்கா? அதுவும் ஒரு கையில?"

அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டார். நான் நடந்ததையெல்லாம் வீட்டில் சொல்லியிருந்தேன். அதிலிருந்து அம்மா எதை எடுத்துக்கொண்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஊர்ல எல்லாரும் கம்ப்யூட்டர ரெண்டு கையாலதான் தட்டுறாங்க. எங்க மினா ஒத்தக் கையாலேயே முடிச்சிருவா."

நான் திருத்தவில்லை. இத்தனை படித்தும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லையே என்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மின்தூக்கியின் முன் நின்றோம். அம்மா பொத்தானை அழுத்தினார். வழக்கம்போல் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

அன்று நானும் தட்டினேன், இடது கையால். கதவு திறந்தது, உள்ளே ஒருவர் இருந்தார்.